பேச்சுவார்த்தை இல்லாத வீடு

வயது வந்த பிள்ளை பெற்றோரோடு இருக்கிறானா, பெற்றோர் பிள்ளையோடு இருக்கிறார்களா என்பதில் சர்க்காருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டிலும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் அப்பா கட்டிய வீட்டில்தான் நான் மனைவியோடு குடியிருந்தேன். ரேஷன் அட்டை அப்பா பேரில். மளிகை என் சம்பளத்தில். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் பென்ஷனில் பாலும் செய்தித்தாளும் வந்தன. காப்பி ஆறிப்போயிருந்தால், "என் ஆத்துல எனக்கு ஒரு வாய் சூடா காப்பி கிடையாதா?" என்பார். மழையில் கூரை ஒழுகினால், "உன் ஆத்துல ஒழுகறதுடா, என்னன்னு பாரு" என்பார். நாள் முழுவதும் அடுத்தவர் குடும்பத்தைத் தகுதியுள்ளது, தகுதியற்றது என்று பிரித்துவிட்டு மாலையில் நான் திரும்பிவந்த வீடு இது.

எழுபதுகளின் தொடக்கம். தாலுகா அலுவலகத்தில் நான் வருவாய் ஆய்வாளர். முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் மனுக்களை நேரில் போய் விசாரித்து அறிக்கை தருவது என் வேலைகளில் ஒன்று. எங்களிடம் இருந்த உத்தரவு எளிமையானது. மனுதாரருக்கு வயதாகியிருக்க வேண்டும், சொத்து இருக்கக் கூடாது, உழைக்கத் தெம்பு இருக்கக் கூடாது, ஆதரிக்க வயது வந்த மகன் இருக்கக் கூடாது. முதல் மூன்று தகுதிகளையும் கடவுள் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தாராளமாக வழங்கியிருந்தார். நான்காவதில்தான் எல்லோரும் தவறினார்கள். பிள்ளை பெறும்போது அது பின்னால் ஒரு தகுதிக் குறைவாக மாறும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மகன் எங்கோ தொலைவில் இருந்து ஒரு தபால் அட்டைகூடப் போடாதவன் என்றால் கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம். ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் வாதமே கிடையாது. ஒரு கூரைக்கு ஓர் உலை, அந்த உலையில் எல்லோருக்கும் சோறு என்பது சட்டத்தின் நம்பிக்கை. இந்த நம்பிக்கையைத் தகர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எங்கள் அலுவலக வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மனு எழுதிக் கொடுப்பவர். மகனோடு இருக்கிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அவர் பேனா தானாகவே ஓடும்: "மேற்படி மகனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தனி உலை வைத்துப் பொங்கித் தின்கிறேன்." அவர் எழுதிய மனுக்களை வைத்துப் பார்த்தால், எங்கள் தாலுகாவில் தாயோடு பேசும் மகன் ஒருவன்கூட இல்லை.

அப்படி ஒரு மனு ஐயம்பேட்டையிலிருந்து வந்தது. மனுதாரர் நெசவாளி ஒருவரின் விதவை. ராட்டையில் பட்டு இழைத்துப் பிழைத்தவர். கண் மங்கி, இழை தெரியாமல் போய்விட்டது. உடனிருக்கும் மகனோடு பேச்சுவார்த்தை கிடையாது. தனி உலை. கீழே பெருவிரல் ரேகை.

தனி உலையை விசாரிப்பதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. சொல்லாமல் போக வேண்டும், காலையில் போக வேண்டும், அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் எந்தப் பயிற்சியும் தேவையில்லை. ஒருநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. பாவு நீட்டியிருந்தார்கள். புடவைக்கு நெடுக்காக ஓடும் அத்தனை பட்டு இழைகளையும் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்துக் கட்டி, இடையிடையே மூங்கில் கோல் கொடுத்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் தெரு அவர்களுடையது. மாடும் போகாது, தபால்காரரும் போகமாட்டார், வருவாய்த் துறையும் போக முடியாது.

பாவின் இந்தப் பக்கத்து முனையில் ஓர் அம்மாள் மூங்கில் கழியை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான உடம்பு. கழியின் இழுப்புக்கு ஈடுகொடுத்துப் பின்னால் சாய்ந்து நின்ற விதத்தில் பழக்கம் தெரிந்தது. மனுவில் இருந்த பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டேன்.

"நான்தான் சார். நீ யாரு?"

"தாலுகா ஆபீஸ். உங்க மனு விஷயமா வந்திருக்கேன்."

அவர் முகம் மாறிவிட்டது. தெருவின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர்தான் உங்க பையனா?"

"ஆமாம் சார்."

"பேச்சுவார்த்தை இல்லாதவரா?"

"ஆமாம் சார்."

ஒரே பாவின் இரண்டு முனைகளில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் விட்டால் மற்றவர் மல்லாந்து விழுவார். இதைவிட நெருக்கமாக ஒரு தாயும் பிள்ளையும் இருக்க முடியாது என்று என் அறிக்கையின் முதல் வரி மனசுக்குள் தயாராகிவிட்டது.

"அடுப்பைக் காட்டுங்க" என்றேன்.

"காட்டறேன் சார். இதை யாரு பிடிப்பாங்க?"

இடையில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நிமிராமலே சொன்னாள்: "ஏன் அத்தே, சாரைப் பிடிக்கச் சொல்லேன். சும்மாத்தானே நின்னுக்கினு இருக்காரு."

நான் சும்மா நிற்கவில்லை, அரசாங்க அலுவலில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அதை விளக்குவதற்குள் கழி என் கையில் இருந்தது. அம்மாள் வீட்டை நோக்கி நடந்தார். இழுப்பு நான் நினைத்ததைவிட அதிகம். ஓரடி முன்னால் போய், குதிகாலை ஊன்றிக்கொண்டேன்.

"சார் நல்லாத்தான் பிடிக்கறாரு. இந்த வேலைக்கே வந்துடச் சொல்லு" என்றாள் அந்தப் பெண். தெருவே சிரித்தது.

நான் கழியில் மாட்டியிருந்ததால் அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்து, அடுப்பை அங்கிருந்தபடியே எனக்குக் காட்டினார். ஒரே நேர்கோட்டில் வாசல், கூடம், தறி, கொல்லை எல்லாம் தெரிந்தன. கூடத்து ஓரத்தில் ஒரு பெரிய அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பாவுக்குக் கைகொடுக்க வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுப்பது வழக்கம். ஓர் இளம்பெண் துணியை விலக்கிப் பார்த்து இட்லியை எடுத்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் இன்னோர் அடுப்பு இருந்தது. புத்தம்புதிய மண் அடுப்பு. புகை பட்ட தடமே இல்லை. மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். தனி உலை என்பதற்காகப் பொட்டில்லாத அடுப்பையா சர்க்காருக்குக் காட்டுவது? அதன் வாய்க்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

சாம்பலைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அம்மாள் திரும்பி வந்தும் கழியை வாங்கிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் நின்று பாவைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் தளத்தச் சொல்லு சார்."

"யாரை?"

"அந்தப் பக்கம் நிக்கறவரை."

நான் குரல் கொடுத்தேன். "கொஞ்சம் தளர்த்தணுமாம்!"

மறுகோடியிலிருந்து பதில் வந்தது. "இன்னும் தளத்தினா தொய்ஞ்சிடும்னு சொல்லுங்க சார்!"

"தொய்ஞ்சிடுமாம்" என்றேன், பக்கத்திலேயே நின்றவரிடம்.

"தொய்யாது. கஞ்சி ஏறலைன்னு சொல்லு சார்."

"கஞ்சி ஏறலையாம்!"

"சரின்னு சொல்லுங்க சார்!"

இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. ஆனாலும் இருவரும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். நான் வருவதற்கு முன்பு இந்த வேலையை இழை முடிந்துகொண்டிருந்த பெண் செய்திருக்க வேண்டும். அவள் இப்போது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். மனுவில் இருந்தபடி நடித்துக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் மிகையான நடிப்பு என்றும் தோன்றியது.

"சண்டை எதுக்கும்மா வந்துது?" என்று கேட்டேன். பொய் மனு கொண்டுவருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சண்டையைத் தயார் செய்வார்கள், காரணத்தைத் தயார் செய்ய மறந்துவிடுவார்கள்.

"சண்டையா? எதுக்கு சார் சண்டை?"

"பேச்சுவார்த்தை இல்லைன்னு எழுதியிருக்கே. எப்பத்திலிருந்து பேசறதில்லை?"

"கண்ணாலம் கட்டிக்கினு வந்த நாளா ஒரு வார்த்தை பேசினதில்ல சார். நேருக்கு நேரா நின்னதுகூட இல்ல." இதைச் சொல்லும்போது முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். குரலில் சோகம் இல்லை, பெருமைதான் இருந்தது.

கழியைப் பிடித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தேன். பெற்ற பிள்ளை கல்யாணம் கட்டிக்கொண்டு எங்கிருந்தும் வருவதில்லை. பெற்ற பிள்ளையை எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் 'நிக்கறவர்' என்று மரியாதை கொடுத்துச் சொல்வதில்லை. 'டேய்' என்றுதான் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள். தோளை மூடிக்கொண்டு, முகம் பார்க்காமல், மூன்றாம் ஆள் மூலமாகப் பேசுவது மாமியார் மருமகனுக்குக் காட்டும் மரியாதை. அந்தத் தெருவின் முழு நீளமும் அந்த மரியாதைக்குச் செலவாகிக்கொண்டிருந்தது. மனு எழுதுபவர் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை எழுதிய அந்தப் பொய், இந்த ஒரு வீட்டில் மட்டும் அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது.

"அம்மா, அவர் உங்க மருமகன்தானே?"

"சத்தம் போடாத சார்."

"மகன்னு எழுதியிருக்கீங்களே?"

"பெத்தாத்தான் புள்ளையா?"

நியாயமான கேள்வி. ஆனால் உத்தரவு அப்படித்தான் சொன்னது. மகன் உடனிருந்தால் உதவித்தொகை கிடையாது. மருமகனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் பெண் வீட்டில் போய்ச் சாப்பிடமாட்டார்கள் என்பதில் உத்தரவு போட்டவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. இவர் தன் வாயால் 'எம் புள்ள' என்று சொல்லி, அதை மனு எழுதுபவர் 'மகன்' என்று எழுதி, இல்லாத ஒரு தடையைத் தானே உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

"மருமகன்னு திருத்தி எழுதிட்டா உங்களுக்குப் பணம் உண்டு. தடையே இல்லை" என்றேன். இந்தச் சொற்களை உத்தியோகத்தில் நான் அதிகம் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்கே இதமாக இருந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. கழியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குப் பேச வந்தது.

"இவரு ஆரணிப் பக்கம் சார். எங்க வூட்டுக்காரரோட தறிக்குக் கூலிக்கு வந்தாரு. வேலை நல்லா இருந்துது, பொண்ணைக் குடுத்தோம். எங்களுக்கு ஆம்பளைப் புள்ள இல்ல. எங்க வூட்டுக்காரரும் போயிட்டாரு. இவருதான் நின்னு எல்லாம் பண்ணாரு. ஒருநா டீக்கடையில எவனோ வாயில புண்ணு வந்தவன், 'வீட்டோட மாப்பிள்ளைக்கு இன்னா கவலை'ன்னு சொல்லிட்டான். அன்னிக்கு சாயங்காலமே தறியை அப்படியே போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. எம் பொண்ணு போய் அழுது கூட்டிக்கினு வந்துது. அதுலேர்ந்து யாரு கேட்டாலும் எம் புள்ளன்னுதான் சொல்றேன். நீ சர்க்கார் பேப்பர்ல மருமகன்னு எழுதிட்டுப் போனா, தலையாரி சாயங்காலத்துக்குள்ள டீக்கடையில படிச்சுக் காட்டிடுவான். இன்னொருக்கா போனா வருவாரா சார்?"

தலையாரி அங்கேதான் ஒரு சுவரோரம் குந்தியிருந்தான். சாட்சிக்கு வரும் வழியில் நான்தான் அவனை அழைத்து வந்திருந்தேன். அம்மாள் சொன்னது அவன் குணத்தைப் பற்றிய சரியான மதிப்பீடு.

"அப்புறம் எதுக்கும்மா மனு போட்டீங்க? அவர்தான் நல்லா பார்த்துக்கறாரே."

"பாத்துக்கறாரு. அதான் சார். கண்ணு இருந்த வரைக்கும் நான் இழைச்சேன். பாவு நீட்டற அன்னிக்குப் பலகாரம் என்னுது. எனக்குன்னு கையில ஒண்ணு இருந்துது. இப்ப அவரு போடற சோத்தைத் தின்னுட்டு அவரு வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கேன். தட்டு முன்னாடி உக்காந்தா கை போவமாட்டேங்குது. சரி வுடு சார். அந்தப் பணம் எனக்கு வேணாம். வேணாம்னு சொல்லிட்டான்னு எழுதிக்கோ."

வேண்டாம் என்று மனுதாரரே சொன்னால் அறிக்கை ஒரே வரியில் முடிந்துவிடும். சோம்பேறி ஆய்வாளனுக்கு அதைவிட வரம் வேறில்லை. பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவர் பேச்சில் ஒரு சொல் எனக்கு இடறியது. "அவரு வூட்ல" என்றாரே?

"வீடு யாருது?"

"வாடகை வூடு சார்."

"வாடகை யார் குடுக்கறாங்க?"

"முன்ன எங்க வூட்டுக்காரரு குடுத்தாரு. அவரு போனப்புறம் இவருதான் குடுக்கறாரு. ரசீதும் இவரு பேருலதான் போடறாங்க."

எங்கள் வீட்டில் அப்பாவின் காப்பியும் என் கூரையும் ஞாபகம் வந்தன. யார் யாரோடு இருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு வீட்டில் விடை கிடைத்ததில்லை. இங்கே ரசீது இருந்தது.

"அப்படின்னா அவர் வீட்டோட மாப்பிள்ளையே இல்லையேம்மா. அவர் உங்க வீட்டுல இல்லை. நீங்கதான் அவர் வீட்டுல இருக்கீங்க. மருமகன் வீட்டுல ஒண்டியிருக்கற மாமியார்னு எழுதினா அவருக்கு ஒரு குறையும் இல்லை."

குறை யாருக்கு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டில் தண்ணீர் குடிக்கவே யோசித்த காலம். அங்கேயே தங்கி, அங்கேயே தின்று, அதையும் சர்க்கார் காகிதத்தில் ரேகை வைத்து ஒப்புக்கொள்வது என்றால் டீக்கடைக்கு அதுவும் நல்ல தீனிதான். இத்தனை வருஷம் வாடகை ரசீதைப் பற்றி அவர் யாரிடமும் பேசாததற்குக் காரணம் இப்போது எனக்குப் புரிந்தது. தெருவின் கண்ணில் அது அம்மாளின் வீடு. அப்படி இருக்கட்டும் என்று மருமகனும் விட்டுவைத்திருந்தார். அதற்காகத்தான் ரசீதைக் காட்டி வாயடைக்காமல் டீக்கடைப் பேச்சை அவர் வாங்கிக்கொண்டார்.

பாவு சற்றே தொய்ந்தது. மறுகோடியிலிருந்து குரல்: "கையைத் தளத்திட்டாங்களான்னு கேளுங்க சார்!"

"இல்லன்னு சொல்லு" என்று அம்மாள் கழியை இழுத்து மார்போடு அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுது சார். ஒண்டிக்கினு இருக்கான்னு எழுது. நாதியத்தவன்னு வேணும்னாலும் சேத்துக்கோ. அவரு மேல மட்டும் ஒண்ணும் வராம எழுது."

எழுதினேன். எழுதியதை மனுதாரருக்கும் சாட்சிக்கும் படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு ரேகை வாங்க வேண்டும் என்பது நடைமுறை. சாதாரணமாக இதை யாரும் செய்வதில்லை. செய்ததாக எழுதுவதோடு சரி. அன்று நான் நடைமுறையை அக்கறையோடு பின்பற்றினேன். தலையாரி டீக்கடையில் போய்ப் படிப்பதற்கு முன் தெருவில் நானே படித்துவிடுவது நல்லது. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு வரும் குரலில், மறுகோடிக்குக் கேட்கும்படி படித்தேன். "மனுதாரருக்கு ஆண்மக்கள் இல்லை. தம் மகளின் கணவர் வாடகைக்கு எடுத்து நடத்திவரும் வீட்டில், வேறு போக்கிடம் இல்லாமல், ஒண்டியிருக்கிறார்."

மறுகோடியில் இருந்தவர் தன் கழியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். அவர் பாதி தூரம் வருவதற்குள் அம்மாளும் தன் கழியை இழை முடியும் பெண்ணிடம் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மருமகன் என் முன்னால் வந்து நின்றார். கையெல்லாம் கஞ்சி. கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை.

"அந்த ஒரு வார்த்தை வேணாம் சார்."

"எது?"

"ஒண்டியிருக்காங்கன்றது. எங்க வூட்ல பெரியவங்களா இருக்காங்கன்னு எழுதுங்க."

"பெரியவங்களா இருந்தா சர்க்கார் பணம் தராதுப்பா. ஒண்டியிருந்தாத்தான் தரும்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்னு சொல்லு சார்."

எனக்கும் அவருக்கும் இடையே இரண்டு முழம் தூரம்கூட இல்லை. அவருக்கும் கதவுக்கும் அதே தூரம்தான். ஆனாலும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுதினபடியே இருக்கட்டுமாம்" என்றேன்.

"அவங்க இஷ்டம்னு சொல்லுங்க" என்று திரும்பிப் போய்த் தன் கழியை வாங்கிக்கொண்டார்.

தாசில்தார் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். "மருமகன் சம்பாதிக்கறானேய்யா, அவன் ஏன் ஆதரிக்கக் கூடாது?" என்று கேட்டார். ஆதரிக்கக் கூடாது என்று உத்தரவு சொல்லவில்லை, ஆதரிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை என்றேன். உத்தரவை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். உத்தரவை எடுத்து முன்னால் வைப்பவனிடம் அதிகாரிகள் வாதாடுவதில்லை. என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

அன்று சாயங்காலம் இதை வீட்டில் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்தார். "அப்ப நான் உன் ஆத்துல ஒண்டியிருக்கேனா, நீ என் ஆத்துல ஒண்டியிருக்கியா?" என்றார். வரி ரசீது உங்கள் பேரில் இருக்கிறது என்றேன். "அப்படின்னா கூரையை நான் பாத்துக்கறேன். காப்பியை நீ பாத்துக்கோ" என்றார். அடுத்த மழை வரை அந்த ஏற்பாடு நிலைத்தது.

உதவித்தொகை பெறுகிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்து, உயிரோடு இருக்கிறார்களா, தகுதி மாறிவிட்டதா என்று எழுதித் தர வேண்டும். மறுவருஷம் அதற்காக ஐயம்பேட்டைக்குப் போனேன். இந்த முறையும் சொல்லாமல்தான் போனேன், ஆனால் பாவு நீட்டும் நாள் எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன்.

அம்மாள் இப்போது கழி பிடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, இட்லிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். மணியார்டர் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதாம். கொல்லை அடுப்புக்குள் கோழி நிரந்தரமாகக் குடியேறிவிட்டதாம்.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று விதிப்படி கேட்டேன்.

"வேற எங்க சார் போவேன்? இது அவரு வூடு. நான் ஒண்டிக்கினு இருக்கேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு ஓர் இலையில் இட்லியை வைத்து என் கையில் திணித்து, குரலைத் தாழ்த்தி, "பலகாரம் என்னுது. சாப்பிடு" என்றார்.

மனுதாரரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நடத்தை விதிகள் சொல்கின்றன. அவர் இப்போது மனுதாரர் இல்லை, பயனாளி. நின்றபடியே சாப்பிட்டேன்.

தெருவின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. "சாருக்குப் பலகாரம் குடுத்தாங்களான்னு கேளுங்க சார்!"

"குடுத்தாச்சுன்னு சொல்லு சார்" என்றார் அம்மாள்.

வாயில் இட்லியோடு, கையை உயர்த்திக் கத்தினேன். "குடுத்தாச்சாம்!"